பூசைக்கு நிறுத்திய சர்வர்

காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது சந்தனம். கணினி அறைக் கதவை ஒட்டிச் சுவரில் பதித்திருந்த விரல் ரேகைக் கருவியின் கண்ணாடியில் அது காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். பொட்டுக்கு மேலே கருவியின் சிறு விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தது.

கணினிப் பிரிவின் பொறுப்பாளர் அதன் முன்னால் நின்று, கொண்டை ஊசியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தளவாய்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். நாற்பதை நெருங்கும் வயது. சுரண்டிய தூளைக் கீழே விடாமல் உள்ளங்கையில் ஏந்தினார். பூசைச் சந்தனம் காலில் மிதிபடக்கூடாது.

"எல்லா விரலும் வச்சுப் பாத்துட்டேன் சார். என்னய ஆருன்னே தெரியலங்குது," என்றார்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சென்னையிலிருந்து வரவேண்டிய ஆய்வாளர் வந்துவிட்டார். அந்த அறையையும் அதற்குள் இருந்த சர்வரையும் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். அரசு சொல்லும் தகவல் பாதுகாப்பு விதிகளின்படி எங்கள் கணினிகள் இயங்குகின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் தரவேண்டியவர் அவர்.

சான்றிதழ் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். கணினி வேலை முழுவதையும் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவார். இந்தப் பிரிவு இருக்காது. பொறுப்பாளர் தான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பேக்கிங் மேசைக்கே திரும்பவேண்டும். பேக்கிங் நின்றுகொண்டே செய்யும் வேலை. அங்கே இருந்த ஆண்டுகளில் அவருடைய கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுகொண்டது. உட்கார்ந்து செய்யும் வேலைக்காகத்தான் மாலை நேரத்தில் கணினி படித்து இந்த நாற்காலிக்கு வந்தார். இதை அவர் என்னிடம் முறையீடாகச் சொல்லவில்லை. ஒரு தகவல்போலச் சொன்னார்.

பேக்கிங் பகுதியிலிருந்து ஒருத்தி ஸ்பிரிட் பாட்டிலும் ஒரு துண்டு கட்டுத்துணியும் கொண்டுவந்தாள். எங்கள் சரக்கே அதுதான். காயத்துக்குக் கட்டும் துணி, அறுவை சிகிச்சையில் இரத்தம் ஒற்றும் துணி. ராஜபாளையத்தின் எல்லையில் இருக்கும் இந்தத் தொழிற்சாலையை ஊரில் பேண்டேஜ் கம்பெனி என்பார்கள். துணியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்கள். பொறுப்பாளர் விரலை வைத்தார். விளக்கு பச்சையானது. கதவு திறந்தபோது ஆய்வாளர் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நல்ல வாசனையா இருக்கே," என்றார் அவர். அதைக் குறையாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நான் அங்கே இருந்ததற்குக் காரணம் எழுத்து. மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு இருந்தேன். அரசு மருத்துவமனைகளுக்குச் சரக்கு தருகிறவர்கள் இனிமேல் தகவல் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி புதிதாக வந்திருந்தது. அதற்கு முன்பு துணியில் எத்தனை இழை, எவ்வளவு நீர் உறிஞ்சும், கிருமி நீக்கியது எப்படி என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் இவர்களிடம் பதில் இருந்தது. புதிய வரிக்குப் பதிலாக ஒரு கட்டு ஆவணம் வேண்டும் என்று தெரிந்தபோது முதலாளி என்னை அழைத்தார்.

"நீங்க பேப்பர்ல இருந்தவரு. எத எழுதினாலும் ஜனங்க நம்புற மாதிரி எழுதுவீங்க," என்றார். அது பாராட்டா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

விதி எங்களுக்குப் பொருந்துமா என்பதே முதல் குழப்பம். கணக்குத் தணிக்கை செய்பவர் பொருந்தாது என்றார். பக்கத்து மில் முதலாளி, பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்றார். விதிபற்றிக் கேட்பதற்கென்று அரசு தந்திருந்த உதவி எண்ணுக்கு நானே பேசினேன். பேசியவர் மிகவும் பொறுமையானவர். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் பொருந்தும் என்றார். இருக்கிறது என்றேன். அப்படியானால் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நிறுவனமே தீர்மானித்து எழுதி வைத்துக்கொள்ளவேண்டும் என்றார். நாங்கள் தீர்மானித்தது தவறாக இருந்தால் என்று கேட்டேன். அதைத்தான் ஆய்வாளர் பார்ப்பார் என்றார். குறித்துக்கொண்டதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் புரிந்தது. சேர்த்துப் படித்தபோது புரியவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை எழுதவேண்டியிருந்தது. கதவுக்கு ஒன்று, கடவுச்சொல்லுக்கு ஒன்று, வருகிறவர் போகிறவருக்கு ஒன்று, மேசையில் தாள் கிடப்பதற்கு ஒன்று. மாதிரிக்கென்று எங்களுக்குக் கிடைத்த ஆவணம் ஏதோ ஒரு வங்கிக்காக எழுதப்பட்டது. 'பெட்டகம்' என்று வந்த இடத்தில் 'கிடங்கு' என்று போட்டேன். 'வாடிக்கையாளர்' வந்த இடத்தில் 'மருத்துவமனை' என்று போட்டேன். பதிவு பற்றிய பகுதியில் மாற்ற எதுவும் இல்லை என்பதால் அப்படியே வைத்துக்கொண்டேன். சர்வர் தனக்குள் யார் வந்தார், எப்போது வந்தார், எதைத் தொட்டார் என்பதைத் தானே எழுதிக்கொண்டிருக்கும். அதை லாக் என்பார்கள். அந்தப் பதிவு எக்காரணம் கொண்டும் தடைப்படக்கூடாது, எதிர்பாராமல் தடைப்பட்டால் அதைச் சம்பவமாகக் கருதிச் சில மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று இருந்தது.

சம்பவம் என்ற சொல்லோடு எனக்குப் பழக்கம் உண்டு. பத்திரிகையில் சம்பவம் என்றால் ஓர் இடம், ஒரு நேரம், ஒரு ஆள். நடக்காதது செய்தி ஆகாது. இங்கே நடக்கக்கூடியதையெல்லாம் முன்கூட்டியே எழுதவேண்டும் என்றார்கள். என்னென்ன ஆபத்து வரலாம் என்று பொறுப்பாளரும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். மலைப் பக்கம் மழை பெய்தால் மின்சாரம் போகும். பஞ்சுத் தூசி சர்வரின் காற்றாடியில் அடைத்துக்கொள்ளும். எலி ஒயரைக் கடிக்கும். முதலாளியின் வெள்ளை நாய் ஏசிக் குளிருக்காக அறைக்குள் வந்து சர்வரை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அனுமதி இல்லாதவர் நுழைவது என்ற தலைப்பின் கீழ் நாயைச் சேர்ப்பதா என்று ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். கடைசியில் சேர்த்தோம். ஆயுத பூசை எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அது ஆபத்து என்று யார் நினைப்பார்கள்?

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் எல்லோரும் தத்தம் சாவியைக் கணக்குப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். சேத்தூர்க்காரர், முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து இருப்பவர். கிடங்குச் சாவி, வண்டிச் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் அவர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கும். கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும், அதில் எண்ணும் குறியும் கலந்திருக்கவேண்டும், அது சாவியைப்போலப் பத்திரமானது என்று நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் சாயங்காலமே ஒவ்வொருவராகக் கணக்குப் பிள்ளையின் காதில் போய்த் தங்கள் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாவி என்று எழுதியவன் நான்தான். அவர்கள் சாவியை என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அதற்கு மேல் எழுதி ஒட்டினோம்.

கணக்குப் பிள்ளைக்கு அது மனத்தாங்கல் ஆகிவிட்டது. "அண்ணாச்சி, இத்தன வருசத்துல ஒரு சாவி காணாமப் போயிருக்கா? கேட்டுச் சொல்லுங்க," என்றார் என்னிடம். காணாமல் போனதில்லை என்பது உண்மை. விதியை அவருக்கு விளக்க முயன்றேன். பாதியில் எனக்கே ஐயம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஆய்வாளர் வரும் வாரத்துக்கு முந்தின வாரத்தில் ஆயுத பூசை வந்தது. தறி, மடிக்கும் இயந்திரம், தராசு, சரக்கு வண்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வாசலில் வாழைக்கன்று. மேசையில் பொரி, அவல், சுண்டல். அங்கே பூசைக்கு வைத்த இயந்திரம் மறுநாள் காலை வரை ஓடக்கூடாது. தீபாராதனைக்கு முன்னால், அதிக காலம் வேலை பார்த்தவர் மெயின் சுவிட்சைக் கையால் இறக்கவேண்டும். அது கணக்குப் பிள்ளையின் உரிமை. அவருக்கு முன்பு இருந்த மேஸ்திரியும் அப்படித்தான் செய்தாராம்.

நானும் சுண்டலுக்காகப் போயிருந்தேன். பொறுப்பாளர் கணினி அறையை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டது எனக்குக் கேட்டது. ஓடுகிற மிஷினுக்குப் பூசை கிடையாது என்று கணக்குப் பிள்ளை சொல்லிவிட்டார். சரி, முறையாக நிறுத்திவிடுகிறேன், செத்த நேரம் பொறுங்கள் என்று பொறுப்பாளர் உள்ளே போனார். சர்வரை நிறுத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரவேண்டும். அவர் மூன்றாவதை மூடிக்கொண்டிருந்தபோது நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் சொன்னார். கணக்குப் பிள்ளை சுவிட்சை இறக்கினார். மின்சாரம் போனால் செத்த நேரம் தாங்குவதற்கென்று ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு. அதற்கும் சந்தனம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். பொறுப்பாளர் இருட்டிலிருந்து வெளியே வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரல் ரேகைக் கருவிக்குப் பொட்டு வைத்தது யார் என்று தெரியவில்லை. அதுவும் ஓர் இயந்திரம்தானே. பூசைக்குத் திறந்து வைத்த கதவை ஆய்வாளர் வருவதற்கு முந்தின சாயங்காலம்தான் சாத்தினார்கள்; அதுவரை அந்தக் கருவியை யாரும் தொடவில்லை.

ஆய்வாளரிடம் வருகிறேன். மெலிந்த மனிதர், முழுக்கைச் சட்டை, அதிகம் பேசமாட்டார். கணக்குப் பிள்ளை ரசீதுக் கட்டுகளையெல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கி மேசையில் வைத்திருந்தார். ஆய்வாளர் அவற்றைத் தொடவில்லை.

"கணக்கே பாக்காத ஆடிட்டர இப்பதான் பாக்கேன்," என்று கணக்குப் பிள்ளை என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

நாங்கள் எதற்குப் பயந்தோமோ அதை ஆய்வாளர் கண்டுகொள்ளவில்லை. அறையின் கண்காணிப்புக் கேமராக் கண்ணாடியின் ஓரத்தில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஆபத்துகளில் நாயைப் படித்தபோது முகம் சற்று மலர்ந்ததுபோல் இருந்தது. எழுதியிருப்பது நல்லதுதான் என்றார். நாங்கள் நினைத்தே பார்க்காதவற்றைக் கேட்டார். பழைய கணினியை எடைக்குப் போட்டபோது உள்ளே இருந்த தகவலை அழித்தீர்களா? அழித்தோம். ஆதாரம்? வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல்லை நீக்கினீர்களா? நீக்கினோம். ஆதாரம்? ஆதாரம் என்ற சொல்லை அவர் தாழ்ந்த குரலில், தண்ணீர் கேட்பதுபோலக் கேட்டார்.

பதினொரு மணிக்கு மேல் லாக்கைத் திறந்தார். பொறுப்பாளர் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. ஆய்வாளர் திரையில் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இங்க சாயங்காலம் வரைக்கும் இருக்கு. அப்புறம் மறுநாள் காலையிலதான் வருது. நடுவுல என்ன?"

"பூச சார்."

"அது சரிம்மா. சர்வர்ல என்ன ஆச்சு?"

"சர்வருக்கும் பூச சார்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முறையாக நிறுத்தியிருந்தால், நிறுத்தியதையும் அது எழுதியிருக்கும் என்று விளக்கினார். இதில் கடைசி வரி பாதியில் நிற்கிறது. வெளியாள் ஒருவன் உள்ளே புகுந்து பதிவை அறுத்துவிட்டாலும் இப்படித்தான் தெரியும். அந்த நேரத்தில் யாரும் உள்ளே வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

"எல்லாம் நின்னுல்ல இருந்துச்சு. நின்ன மிஷினுக்குள்ள ஆரு சார் போவா?" என்றார் பொறுப்பாளர்.

ஆய்வாளர் அதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்று எனக்குத் தோன்றியது. "நியாயம்தான். ஆனா நின்னுதுங்கிறதுக்கு ஆதாரம்?"

நின்ற இயந்திரம் தான் நின்றதை எப்படி எழுதும் என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஊரில் அத்தனை பேர் பார்த்தார்கள். நான் பார்த்தேன். பத்திரிகையில் ஒரு செய்தியை உறுதிசெய்ய இரண்டு பேர் சொன்னால் போதும். அங்கே முப்பது பேர் கையில் சுண்டலோடு நின்றிருந்தார்கள்.

அடுத்து, நான் எழுதிய கொள்கையின் பக்கத்தைப் புரட்டினார். பதிவு தடைப்பட்டால் சம்பவம். சம்பவம் என்றால் தெரிவித்திருக்கவேண்டும். தெரிவிக்கவில்லை. ஆகவே குறை ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் சேர்ந்தால் பெரிய குறை. பெரிய குறை இருந்தால் சான்றிதழ் கிடையாது.

"எதிர்பாராமல் தடைப்பட்டால் என்று இருக்கிறது. பூசை எதிர்பாராததல்லவே. வருடா வருடம் வருகிறது," என்றேன்.

"எதிர்பார்த்ததுன்னா, நிறுத்தப் போறோம்னு நிர்வாகம் முன்னாடியே ஒப்புதல் கொடுத்திருக்கணும். இருக்கா?"

இல்லை. பொறுப்பாளர் நின்ற இடத்திலேயே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பின் பாரத்தை மாற்றினார்.

சாப்பாட்டு நேரத்தில் ஆய்வாளரை முதலாளி தன் அறைக்கு அழைத்துப்போனார். நாங்கள் மூன்று பேர் கேண்டீனில் உட்கார்ந்தோம். கணக்குப் பிள்ளை சோற்றில் கை வைக்கவில்லை. அவர் ஒரு வழி சொன்னார். பூசைக்கு முந்தின தேதி போட்டு ஒரு தாள் எழுதிவிடலாம். அவரே கையெழுத்து வாங்கித் தருவார்.

"வேண்டாம் அண்ணாச்சி. தாள எப்ப அடிச்சோம்னு அந்த மிஷினு எழுதிரும். அது பூசைக்கு மட்டுந்தான் எழுதல," என்றார் பொறுப்பாளர்.

"அப்ப கையால எழுதுவோம்."

"வேண்டாம்."

கேண்டீன்காரம்மா குழம்புச் சட்டியோடு வந்து நின்றார். பொறுப்பாளர் பேக்கிங்கில் இருந்த காலத்திலிருந்து அவரைத் தெரிந்தவர். "ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? பழையபடி எங்ககூட வந்துருவேன்னு பயமாக்கும்?" என்றார். கேலிதான். பொறுப்பாளர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசைக்கடியில் குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். கேண்டீன்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு அப்பளம் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

மதியம் மறுபடி கணினி அறை. இந்த முறை முதலாளியும் வந்து உட்கார்ந்தார். ஆய்வாளர் அறிக்கையை எழுதத் தொடங்கியிருந்தார். 'சம்பவம்' என்று அவர் வாயால் சொன்னது, கதவருகில் நின்ற கணக்குப் பிள்ளையின் காதில் விழுந்தது.

"சம்பவம்னு எழுதாதீங்க சார். திருட்டு நடந்த மாதிரி இருக்கு. மொதலாளி சொல்லித்தான செஞ்சோம்? அவிய சொன்னது என் போன்லயே கெடக்கு, கேளுங்க," என்று அவர் உள்ளே வந்தார். அழைக்காமல் அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது என்பது விதி. அதை அந்த நேரத்தில் யாரும் நினைவூட்டவில்லை.

கம்பெனி ஆட்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பூசைக்கு முந்தின நாள் முதலாளி அனுப்பிய குரல் செய்தி அது. கணக்குப் பிள்ளை போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார். பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. முதலாளியின் குரல் வந்தது.

"எல்லாருக்கும் சொல்றது. நாளைக்குச் சாயங்காலம் பூசை. ஒரு மிஷின் ஓடக்கூடாது. கம்ப்யூட்டர் ரூமையும் சேத்துத்தான் சொல்றேன். போன வருசம் அங்க ஏசி ஓடிக்கிட்டே இருந்துச்சு, நான் கவனிச்சேன்."

ஆய்வாளர் இன்னொரு முறை போடச் சொன்னார். அனுப்பிய தேதியையும் நேரத்தையும் பார்த்தார். "இது ஒப்புதல்தான்," என்றார். பொறுப்பாளர் அன்று முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆய்வாளர் என்னுடைய ஆவணத்தில் வேறொரு பக்கத்தைத் தேடி எடுத்தார். அலுவல் தொடர்பான எந்த உத்தரவையும் வாட்ஸ்அப் வழியாக அனுப்பக்கூடாது. நிர்வாகத்தினருக்கும் இது பொருந்தும். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க எழுதினதா?"

ஆமாம் என்றேன்.

"தெளிவா இருக்கு," என்றார்.

நிலைமை இதுதான். குரல் செய்தியை ஆதாரமாக ஏற்றால், சர்வர் நின்றது ஒப்புதலோடு நின்றது; அது சம்பவம் ஆகாது; கணினிப் பிரிவின் மேல் பெரிய குறை இல்லை. ஆனால் முதலாளியே விதியை மீறினார் என்று எழுதவேண்டும். ஏற்காவிட்டால், முதலாளி எதையும் மீறவில்லை; கணினிப் பிரிவு சம்பவத்தை மறைத்தது. எதைச் சமர்ப்பிக்கிறீர்கள் என்று ஆய்வாளர் பொறுப்பாளரைத்தான் கேட்டார். ஆவணங்களின்படி தகவல் பாதுகாப்பு அலுவலர் அவர்தான். அவர் சொல்லவேண்டும்.

பொறுப்பாளர் முதலாளியைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த போனைப் பார்த்தார். அதன் திரை அணைந்திருந்தது.

"சமர்ப்பிக்கேன் சார்," என்றார். "அவிய சொன்னாவ, நாங்க நிறுத்துனோம். நடந்தது அதுதான்."

முதலாளி மோவாயைத் தடவினார். "ரெண்டுல எது சின்னது?" என்று ஆய்வாளரிடம் கேட்டார்.

தனக்கு உறுதியாகத் தெரியாது என்று ஆய்வாளர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று சென்னைக்குப் பேசினார். வெள்ளை நாய் அவரைச் சுற்றி வந்து முகர்ந்தது. ஜன்னல் வழியாக நாங்கள் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து, வாட்ஸ்அப்தான் சிறிய குறை என்றார்.

"அப்ப என் தப்பையே எழுதிக்கிடுங்க," என்றார் முதலாளி. "ஆனா கோயம்புத்தூர்க்காரன் கேட்டா பூசைக்குத்தான் நின்னுச்சுன்னு சொல்லுங்க. மிஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கப்போறான்."

ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அறிக்கையின் கடைசியில் ஒரு பரிந்துரை சேர்த்தார். எக்காலத்திலும் நிறுத்தப்படாத ஓர் இடத்தில் சர்வரை வைப்பது நல்லது.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து, நடந்ததை ஒரு செய்தியாக எழுதினால் முதல் வாக்கியம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெயித்தது யார், தோற்றது யார் என்று எழுதவேண்டும். ஒரு பெண் உண்மையைச் சொன்னார். அதனால் முதலாளிக்குக் குறை வந்தது. அதனால் கம்பெனி தேறியது. ஒரு கிழவரின் பூசை எல்லாவற்றையும் நிறுத்தியது. அவருடைய போன் எல்லாவற்றையும் காப்பாற்றியது. அந்த போனே விதிக்குப் புறம்பானது. வன்னியம்பட்டி வந்து பஸ் நின்றது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஊர் கோபுரம் தெரியும் வரை எனக்கு முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. பொறுப்பாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அவருடைய வேலை நிலைத்தது. ஆவணத்தில் மட்டும் இருந்த தகவல் பாதுகாப்பு அலுவலர் என்ற பெயர் சம்பளச் சீட்டிலும் ஏறியது. பேக்கிங் பெண்கள் அவரை ஆபிசரக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கேண்டீன்காரம்மா மட்டும் ஏட்டி என்றே கூப்பிட்டார்.

நிறுத்தப்படாத இடம் எங்கே இருக்கிறது என்று முதலாளி விசாரித்தார். அவருடைய தம்பியோடு போனில் நெடுநேரம் தங்கள் வீட்டுமொழியான தெலுங்கில் பேசினார். வேறு ஊரில், யாரோ பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் வாடகைக்கு எடுத்தார்கள். எங்கள் தகவல் எல்லாம் அங்கே போனது. அந்த இடம் எந்த ஊரில் இருக்கிறது என்று நான் கேட்டேன். பாதுகாப்பு கருதி அதைச் சொல்லமாட்டார்களாம். பழைய சர்வரை விதிப்படி அழித்து, அழித்ததற்கு ஆதாரம் வாங்கி, எடைக்குப் போட்டார்கள். பொறுப்பாளரின் நாற்காலியும் மேசையும் முன் அலுவலகத்துக்கு வந்துவிட்டன.

அறை காலியானது. தூசி இல்லாத, ஏசி உள்ள அறை. பேக்கிங் முடிந்த கட்டுத்துணியை வைக்க நல்ல இடம் என்று முதலாளி சொன்னார். இப்போது அங்கே கூரை வரை துணிக்கட்டுகள் அடுக்கியிருக்கிறார்கள். கதவை யார் திறக்கலாம் என்பது சான்றிதழில் சேர்ந்த விஷயம். அதை மாற்றவேண்டுமானால் மறுபடி ஆய்வாளர் வரவேண்டும். ஆகவே மாற்றவில்லை.

சென்ற வாரம் போயிருந்தேன். பொறுப்பாளரின் நாற்காலி காலியாக இருந்தது. பேக்கிங் பெண்கள் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் பழைய கணினி அறையின் வாசலில், கருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கதவு அவருடைய விரலுக்கு மட்டுமே திறக்கிறது.